நடுவில் நிற்காத குரல்

செத்துப் பதினோரு வருஷமான அண்ணன், அன்று பகல் பதினொன்றரை மணிக்கு முதல் தடவையாக இடம் மாறி நின்றார்.

ஊரில் பேட்டரி என்று கூப்பிடப்படும் அவர் தம்பி, கேசட்டை நிறுத்தினான். சுண்டு விரலால் காதைக் குடைந்துகொண்டான். பின்னுக்குச் சுற்றி, மறுபடி ஓடவிட்டான்.

"இது இடது," என்றார் அண்ணன், இடது ஸ்பீக்கரிலிருந்து. சரி.

"இது வலது." தொண்டை கட்டியது போன்ற கரகரப்பு. வலது பெட்டியில் ஓரத்து ஃபோம் வளையம் உதிர்ந்து கிடந்தது, அதனால் அதுவும் சரி.

"இது நடு."

நடுவில் யாரும் இல்லை. குரல் பேட்டரியின் பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது. யாரோ தோளுக்கு மேல் குனிந்து சொன்ன மாதிரி. திரும்பிப் பார்த்தான். சுவர், கடிகாரம், அண்ணனின் முக்காலி. அந்த முக்காலியில் பதினோரு வருஷமாக யாரையும் அவன் உட்காரவிட்டதில்லை. கடையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, தெருவில் வெயில் பளீரென்று அடித்தது. பயப்படுவதற்கான நேரமே இல்லை அது. இருந்தாலும் கைமயிர் குத்திட்டு நின்றது.

அந்தக் கேசட் அண்ணன் பேசிப் பதிவு செய்தது. ஸ்பீக்கர் ஜோடியைச் சோதிக்க இதைவிட நல்ல கருவி கிடையாது. இரண்டு பெட்டிகளும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் மூச்சு விட்டால், குரல் இரண்டுக்கும் நடுவில், வெறும் காற்றில், ஆள் நிற்பது போல நிற்கும். ஒரு பெட்டி மூச்சு இழுக்கும்போது இன்னொன்று விட்டால், குரலுக்கு நிற்க இடம் கிடைக்காது. அறை முழுக்க அலையும். பழைய வீட்டு ஸ்பீக்கர்களைப் பழுது பார்க்கும் அந்தக் கடையில், "வேலை முடிஞ்சுதா?" என்று யாரும் கேட்பதில்லை. "அண்ணன் நின்னாச்சா?" என்றுதான் கேட்பார்கள். வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு அது செத்தவர் குரல் என்றே தெரியாது.

நாற்பத்தாறு வயது தம்பிக்குத் தெரியும். ஒவ்வொரு ஜோடியை முடிக்கும்போதும் அவன் அண்ணனை நிற்க வைத்துப் பார்த்தான். எல்லா ஜோடியிலும் அவர் நின்றார், ஒரே மூன்று வாக்கியத்தைச் சொன்னார், போனார். தம்பி கேட்க நினைத்ததை மட்டும் கேட்க முடியவில்லை. மன்னிப்பு. அதற்கு உயிரோடு ஒரு ஆள் வேண்டும்.

இந்த ஜோடியைக் காலையில் கொண்டுவந்து இறக்கியவன் காலி. வீடு மாற்றுகிறவர்களிடம் வேண்டாத சாமான்களை எடுத்துக்கொண்டு போகிறவன், அதனால் அந்தப் பெயர். பெட்டிகளின் பின்பக்கம் கம்பெனி லேபிள் இல்லை. சுரண்டி எடுக்கப்பட்டிருந்தது. முன்பக்கத் துணி புதிது, மரத்துக்குக் கறுப்புச் சாயம். லேபிள் இல்லாத ஸ்பீக்கர், அடையாளம் தெரியாத பிணம் மாதிரி. மச்சம், தழும்பு பார்த்துத்தான் ஆளைச் சொல்ல வேண்டும். பேட்டரி விரல் முட்டியால் பக்கப்பலகையைத் தட்டினான், கெட்டியான மரம். மூலையில் மூட்டுவாயைத் தடவினான், ஆணி இல்லாமல் பல் கோத்த வேலை. எங்கேயோ பார்த்த முகம் என்று மனசு சொன்னது. எங்கே என்று சொல்லவில்லை.

இப்போது அவன் தன் பெயருக்குக் காரணமான சாமானை எடுத்தான். டார்ச் லைட்டில் போடுகிற ஒரு பேட்டரி, இரண்டு துண்டு ஒயர். பிளஸ்ஸை ஸ்பீக்கரின் சிவப்பு முனையில் தொட்டால் கோன் என்கிற காகிதக் கூம்பு முன்னால் வர வேண்டும். அதுதான் கணக்கு. வலது பெட்டியில் தொட்டான், கோன் முன்னால் வந்தது. இடது பெட்டியில் தொட்டான். கோன் உள்ளே போனது.

"இடதுதான் தப்பு," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். சொன்ன பிறகுதான், இதே வாக்கியத்தை இதே கடையில் முன்பு ஒரு தடவை சொல்லியிருக்கிறோம் என்பது உறைத்தது. 

எட்டு திருகாணிகளையும் கழற்றி இடது பெட்டியின் ஊஃபரை, அடிக்குரல் எழுப்பும் பெரிய ஸ்பீக்கரை, வெளியே தூக்கினான்.

பின்னால் இருந்த காந்தத்தில் எண் பொறித்திருந்தது. பார்த்ததும் கம்பெனி தெரிந்துவிட்டது. அந்தக் கம்பெனிப் பெட்டியைத் தொடுவதில்லை என்று அவன் பதினோரு வருஷமாக வைத்திருக்கிற வைராக்கியம் ஊருக்கே தெரியும். லேபிளோடு வந்திருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பான். அவசரமாக வலது பெட்டியைக் கவிழ்த்தான். அடிப்பலகையில், மூலையிலிருந்து நான்கு விரல் தள்ளி, மொச்சைக்கொட்டை அளவில் ஒரு தீக்காயம். ஒயர் பற்றவைக்கும் அவனுடைய சால்டரிங் அயர்ன் ஒரு நாள் வழுக்கி விழுந்த இடம்.

அதே கம்பெனி மட்டும் இல்லை. அதே ஜோடி.

இடது ஊஃபரிடம் திரும்பினான். அங்கே இன்னொன்று காத்திருந்தது. பிளஸ் ஒயரின் நடுவில், சற்றே இடைவெளி விட்டு, வெள்ளை நூலால் இரண்டு முடிச்சுகள். ஒவ்வொன்றும் மூன்று சுற்று. அண்ணனின் கை.

அண்ணனுக்குச் சிவப்பும் கறுப்பும் ஒன்றுதான். பிறவியிலேயே அப்படி. சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் அவர் கண்ணுக்கு ஒரே நிறம். அதனால் அவர் வீட்டில் செய்துகொண்டு வரும் வேலையில் எப்போதும் இந்த முடிச்சு இருக்கும். கம்பெனி பற்றவைத்த இடத்தைத் தொடாமல், பிளஸ் ஒயரின் நடுவில் இரண்டு முடிச்சு போட்டு, இரண்டுக்கும் மத்தியில் வெட்டுவது. வேலை முடிந்ததும் முடிச்சுக்கு முடிச்சு சேர்த்துவிடுவது. கண்ணே தெரியாதவர்கூட அதை மாற்றிச் சேர்க்க முடியாது.

முடிச்சு இருந்ததில் ஆச்சரியம் இல்லை. இந்த இடது பெட்டியை அந்தக் காலத்தில் செய்தது அண்ணன்தானே. ஆனால் நூல் வெள்ளையாக இருந்தது. பதினோரு வருஷத்து நூல் பழுப்பேறியிருக்க வேண்டும். பேட்டரி ஃபோம் வளையத்தை விரலால் அழுத்தினான். குழி விழுந்து, மெல்ல எழுந்தது. புதுசு. பசையின் ஓரத்தை நகத்தால் கீறினான். பழைய பசை கண்ணாடி மாதிரி உடையும். இது நகத்தோடு இழுபட்டது. மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் வாசம் இருந்தது.

ஒரு வருஷத்துக்குள் செய்த வேலை.

பேட்டரி அண்ணனின் முக்காலியைப் பார்த்தான். பிறகு எழுந்துபோய்க் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினான். ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை.

*

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இந்த ஜோடியைக் கொண்டுவந்தவர் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த பாட்டு டீச்சர். இடதை அண்ணன் செய்தார், வலதைத் தம்பி செய்தான். அன்றைக்குக் கேசட் ஓட்டிப் பார்க்க முடியவில்லை, டெக் பழுதாகிக் கிடந்தது. டீச்சர் எடுத்துப் போனார். மறுநாளே வாடகை வண்டியில் இரண்டையும் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். பாடுகிறவர் என் வீட்டில் எங்கேயும் உட்கார மாட்டேன் என்கிறார், மேளம் மட்டும்தான் வாசிக்கிறது என்று கடை வாசலில் நின்று கத்தினார். நான்கு பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

தம்பி பேட்டரியைத் தொட்டுக் காட்டினான். வலது முன்னால் வந்தது, இடது உள்ளே போனது. இடது, அண்ணனுடைய வேலை.

நான் அந்த ஜாயின்ட்டைத் தொடவே இல்லடா என்றார் அண்ணன். திறந்து பார்த்துவிடலாம் என்றார். அதற்குத் தம்பி சொன்னதுதான் பதினோரு வருஷமாக அவன் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

"கலர் தெரியாத குருடனை வேலைக்கு வச்சது என் தப்பு."

நான்கு பேர் முன்னால். டீச்சர் முன்னால். அண்ணன் முக்காலியை விட்டு எழுந்தார், அதைச் சுவரோரம் ஒழுங்காகத் தள்ளி வைத்தார், போய்விட்டார். டீச்சர் இனி இந்தக் கடையே வேண்டாம் என்று பெட்டிகளைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போனார். மாலைப் படகில் அண்ணனும் அக்கரைக்கு ஏறினாராம். நடு ஆற்றில் படகு கவிழ்ந்தது. பதினான்கு பேரில் ஒன்பது பேர் கரைக்கு வந்தார்கள். நான்கு பேர் உடலாக வந்தார்கள். அண்ணன் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

உடல் இல்லாமலே காரியங்கள் நடந்தன. அன்று அண்ணி, அண்ணனின் மனைவி, எல்லோரும் இருக்கும்போது தம்பியைப் பார்த்து அவர் தப்பு பண்ணலை என்று ஒரே வாக்கியம் சொன்னாள். தம்பிக்கு எங்கிருந்தோ ஆங்காரம் வந்தது. போகிறவரைத் தடுக்கத் துப்பில்லாதவள் பேச வேண்டாம் என்றான். அவள் அன்றே கிளம்பினாள். அதோடு சரி.

தப்பு அண்ணனுடையதுதான் என்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. பேட்டரி பொய் சொல்லாது. தப்பு செய்தவரை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்பதுதான் அவன் பாரம். நாலு பேர் முன்னால் சொன்னதை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும்.

*

சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த மனைவி, பாதி இறங்கிய ஷட்டரையும் புருஷன் முகத்தையும் பார்த்தாள். அவன் முடிச்சைக் காட்டினான், பசையை முகரச் சொன்னான். அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்றான்.

அவள் முகர்ந்து பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "செத்தவங்க ஃபோம் ஒட்ட மாட்டாங்க. உங்கண்ணன் உயிரோட இருந்தா, இதை ஒட்டறதுக்கு முன்னாடி உங்களை நாலு திட்டு திட்ட வந்திருப்பாரு."

"வந்து திட்டட்டும்னுதான் நானும் காத்திருக்கேன்."

அதற்கு மேல் அவள் கிண்டல் பண்ணவில்லை. சட்டையை மாத்திட்டுப் போங்க, பசைக் கறையோட போய் நிக்காதீங்க என்று மட்டும் சொன்னாள்.

காலியை ஃபோனில் பிடித்தான். ஒரு அம்மா வீட்டைக் காலி பண்ணுகிறார்கள், ரயில் பாதைக்குப் பின்னால் மூன்றாவது மாடி என்றான் காலி. இந்த ஸ்பீக்கரை வேறு எங்கேயும் விற்கக் கூடாது, பேட்டரி கடையில்தான் இறக்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னார்களாம்.

"வீட்ல ஆம்பளை யாராச்சும் இருந்தாங்களா?"

"ஆளைப் பாக்கல. கொடியில ஒரு கட்டம் போட்ட சட்டை தொங்கிச்சு. பெரிய சைஸு. ஏன், என்ன வெவகாரம்?"

பேட்டரி ஃபோனை வைத்துவிட்டான். அண்ணன் பெரிய சைஸ். அண்ணன் கட்டம் போட்ட சட்டை தவிர வேறு போட்டதில்லை.

*

மாடிப்படியில் ஏறும்போதே மூக்கு கண்டுபிடித்துவிட்டது. ரோசின் புகை. ஈயம் உருகும்போது வருகிற, தொண்டையைச் சுரண்டும் அந்த வாசம். இந்தக் கட்டடத்தில் யாரோ, இந்த நிமிஷம், ஒயர் பற்றவைத்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் மாடியில் ஒரு குழந்தை அழுதது. இரண்டாவது மாடியில் குக்கர் விசில் அடித்தது. மூன்றாவது மாடியில் சத்தமே இல்லை.

வராந்தாக் கொடியில் சட்டை தொங்கியது. நீலக் கட்டம். பையின் அடியில் பென்சில் குத்திக் குத்தி விழுந்த ஓட்டை. பேட்டரி அந்த ஓட்டைக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தான். சட்டை ஈரமாக இருந்தது. இன்றைக்குத் துவைத்தது.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே நாற்காலி நகர்ந்தது.

"அண்ணே," என்றான். பதினோரு வருஷமாக வாயால் சொல்லாத சொல், பாதியில் உடைந்து வந்தது.

கதவைத் திறந்தது அண்ணி. மூக்கு நுனியில் கண்ணாடி, இடது கையில் சூடான சால்டரிங் அயர்ன். காதோரம் முழுக்க நரைத்திருந்தது.

"வாங்க தம்பி. வர்றதுக்குப் பத்து நாள் ஆகும்னு நெனச்சேன். ஒரே நாள்ல வந்துட்டீங்க."

 அவள் தோளுக்கு மேல் உள்ளே பார்த்தான்.

"யாரும் இல்ல. நம்பலைன்னா தேடிக்குங்க."

வெட்கத்தை விட்டுத் தேடினான். சமையலறை, குளியலறை, கதவுக்குப் பின்னால். எங்கும் அட்டைப்பெட்டிகள், கயிறு கட்டிய மூட்டைகள். ஜன்னலோரம் ஒரு மேஜை. அதன் மேல் குப்புறக் கிடந்த ஒரு ஊஃபர், ஃபோம் வளையங்கள், பசை டப்பா, வெள்ளை நூல் கண்டு. மேஜைக்கு ஒரே ஒரு நாற்காலி. பேட்டரி அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணன் அந்த அறையில் இல்லை. எங்கேயும் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன் செத்தவர் இரண்டாம் தடவையாகச் செத்தார்.

"சட்டை?"

"வேலை பண்றப்ப நான்தான் மேல போட்டுக்கறேன். ஈயம் தெறிச்சா தாங்கும்."

"அந்த முடிச்சு அண்ணன் போடறதாச்சே."

"நான் போடறது," என்றாள். "அப்பவும் நான்தான் போட்டேன். அவருக்குக் கலர் தெரியாது, ஊசியில நூல் கோக்கப் பொறுமை கிடையாது. மரவேலை அவரு, பேச்சு அவரு. பெட்டிக்குள்ள இருந்ததெல்லாம் நான்."

பேட்டரிக்கு அண்ணன் தினமும் தோளில் மாட்டிக்கொண்டு போன பை ஞாபகம் வந்தது. கடையில சத்தம், வீட்ல வச்சுப் பண்ணிட்டு வர்றேன் என்பார். மறுநாள் பையைத் திறந்து பிசிறில்லாத வேலையை எடுத்து வைப்பார். என்ன கை இது என்று தம்பி வியந்தது எத்தனை தடவை. அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்.

"ஏன் ஒரு தடவைகூடச் சொல்லல?"

"நீங்க ஏன் ஒரு தடவைகூட வீட்டுக்கு வந்து பாக்கல?"

அயர்னை அதன் தாங்கியில் வைத்துவிட்டு அவள் சொன்னாள். அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து பையை எடுத்தார். உன் முடிச்சில் தப்பு வராது, டீச்சர் வீட்டுக்குப் போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டு வருகிறேன், அவன் முன்னாலேயே திறந்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுப் படகுக்குப் போனார். கோபமாகக்கூட இல்லை. வேலைக்குப் போகிற மாதிரி போனார். ஆறு மாதம் கழித்து அண்ணியே அக்கரைக்குப் போனாள். பாட்டு டீச்சர் அழுதுகொண்டே ஜோடியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"என் முடிச்சுக்காகப் போனாரு தம்பி. உங்க வார்த்தைக்காக இல்ல. அந்தப் பெருமையை நீங்களே வச்சுக்காதீங்க."

அது ஆறுதலா அடியா என்று அவனுக்கு விளங்கவில்லை. அதற்குள் மனசின் ஒரு மூலையில் பழைய ஆங்காரம் தலைதூக்கியது. அப்படியானால் மாற்றிச் சேர்த்தது இவள்தானே. அண்ணன் வாங்கிய பேச்சு இவள் வாங்கியிருக்க வேண்டியதுதானே.

"அப்போ இடதுல தப்புப் பண்ணது நீங்க."

அண்ணி கண்ணாடியைக் கழற்றினாள்.

"வலதைத் திறந்தீங்களா?"

"இல்ல. வலது சரியாத்தான..."

"திறந்து பாருங்க. உங்க வேலையில நான் கை வைக்கல. ஃபோம் உதிர்ந்துபோச்சு, அதைக்கூட மாத்தல. நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. ஒரு தடவை சொல்லிப் பார்த்தேனே. அதான் லேபிளைச் சுரண்டி, சாயம் அடிச்சு அனுப்பினேன்."

*

கடைக்கு வந்ததும் அவன் உட்காரவில்லை. நின்றபடியே வலது பெட்டியின் எட்டு திருகாணிகளையும் கழற்றினான்.

வலதை வெளியே எடுப்பதற்கு முன் இடதை மறுபடி பார்த்தான். ஊஃபரின் தகட்டில், ஒயர் சேரும் இரண்டு இடத்திலும், பட்டாணி அளவில் பச்சை அரக்குப் பொட்டு. கம்பெனி வைத்தது. காலையில் பார்த்தபோதும் அது அங்கேதான் இருந்தது. பொட்டு உடையாமல் இருக்கிறது என்றால் கம்பெனி பற்றவைத்ததை இன்றுவரை யாரும் தொடவில்லை என்று அர்த்தம். சிவப்பு எங்கே இருக்க வேண்டும் என்று கம்பெனி நினைத்ததோ அங்கேயே இருக்கிறது.

வலதில் பச்சைப் பொட்டு இல்லை. கத்தியால் சுரண்டிய கீறல்கள் மட்டும் இருந்தன. அதன் மேல் பளபளவென்று இரண்டு ஈய உருண்டைகள். ஒயர் நுனியை இரண்டு தடவை கொக்கி மாதிரி வளைத்துப் பற்றவைத்த வேலை. அந்த இரட்டைக் கொக்கியை ஊரில் ஒருத்தன்தான் போடுவான்.

சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருந்தன.

அப்போதுதான் எல்லாம் திரும்பி வந்தது, யாரோ கேசட்டைப் பின்னுக்குச் சுற்றிவிட்ட மாதிரி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிற்பகல். வலது பெட்டியை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு பேட்டரியைத் தொடுகிறான். கோன் உள்ளே போகிறது. கம்பெனிக்காரன் தப்பாகப் போட்டிருக்கிறான் என்று நினைத்து, பொட்டைச் சுரண்டி, ஒயரைத் திருப்பிப் பற்றவைக்கிறான். பெரிய உபகாரம் செய்துவிட்ட திருப்தி வேறு. அந்தக் கம்பெனி தன் ஸ்பீக்கர் அத்தனையையும் அப்படித்தான் செய்தது. பிளஸ் தொட்டால் உள்ளே போகும். இரண்டுமே உள்ளே போனால் இரண்டும் ஒரே மூச்சு. அதில் தப்பே இல்லை. ஜோடியின் இன்னொரு பெட்டியையும் தொட்டுப் பார்க்காமல் ஒற்றைப் பெட்டியைத் திருத்தியதுதான் தப்பு.

பேட்டரி பொய் சொல்லவில்லை. அதை வைத்திருந்தவனுக்குக் கேள்வி கேட்கத் தெரியவில்லை.

முக்காலி சுவரோரம், அண்ணன் தள்ளி வைத்த அதே இடத்தில் இருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் காலியிடம் எண் வாங்கி ஃபோன் போட்டான்.

"அண்ணி. தப்பு என்னோடது."

மறுமுனையில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம் நின்றது.

"என்கிட்ட எதுக்குத் தம்பி சொல்றீங்க?" என்றாள். "அவரை நடுவுல நிக்க வச்சுட்டுச் சொல்லுங்க. கேசட் உங்ககிட்டதான இருக்கு."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். கேட்டவனுக்குத்தான் உறைத்தது. அண்ணன் குரல் பதிந்தது உலகத்தில் அந்த ஒரே கேசட்டில்தான். அது இவன் கடையில் இருந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை, ஊர் பேர் தெரியாத வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அண்ணனை நிறுத்திக் காட்டியிருக்கிறான். பதினோரு வருஷமாக அவளுக்கு மட்டும் காட்டவில்லை.

*

வலது பெட்டிக்கு அவன் எடுத்துக்கொண்ட நேரத்தை வேறு எந்தப் பெட்டிக்கும் எடுத்ததில்லை. உதிர்ந்த ஃபோமை முடி முடியாகச் சுரண்டினான். புது வளையத்தை ஒட்டி, ஓரத்தை விரல் நுனியால் சுற்றிச் சுற்றி அழுத்தினான். ஒயரை அவிழ்ப்பதற்கு முன், மனைவியிடம் வெள்ளை நூல் வாங்கி, பிளஸ்ஸில் மூன்று சுற்று முடிச்சு போட்டான். கோணலாக வந்தது. அவிழ்த்து மறுபடி போட்டான். உங்களுக்குத்தான் கலர் தெரியுமே, அப்புறம் எதுக்கு என்று கேட்டாள் மனைவி. தெரியுதுன்னுதான இத்தனை நாள் நெனச்சிட்டிருந்தேன் என்றான்.

ஒயர்களைக் கம்பெனி வைத்த இடத்துக்கே மாற்றிப் பற்றவைத்தான். பசை காய ஒரு நாள். காய்ந்ததும் கேசட் ஓட்டிப் பார்க்கவில்லை. அண்ணனை நிற்க வைக்காமல் ஒரு ஜோடி கடையைத் தாண்டியது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது மாடி அறையில் இப்போது மேஜை, நாற்காலி இரண்டையும் தவிர ஒன்றும் இல்லை. மூட்டைகள் வராந்தாவில் இருந்தன, நாளை வண்டி வருகிறதாம். வெற்று அறையில் செருப்புச் சத்தம்கூட எதிரொலித்தது. பேட்டரி பெட்டிகளைச் சுவரோரம் வைத்தான், ஆம்ப்ளிஃபையரையும் டெக்கையும் தரையில் வைத்து ஒயர் கொடுத்தான். அண்ணி நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நீலக் கட்டம் போட்ட சட்டையை மடித்து மடியில் வைத்திருந்தாள்.

"இது இடது."

அவள் கண்ணை மூடவில்லை. பேட்டரிதான் மூடிக்கொண்டான்.

"இது வலது."

"இது நடு."

குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில், சுவருக்கு ஒரு முழம் முன்னால், அண்ணன் வாய் இருந்த உயரத்தில் வந்து நின்றது. கண்ணைத் திறந்தால் பார்த்துவிடலாம் போல இருந்தது. பேட்டரி திறந்தான். வெறும் சுவர். வெயிலில் தூசி பறந்தது. அண்ணியின் பார்வை அந்த இடத்தில், ஆள் முகத்தைப் பார்ப்பது போலச் சற்றே மேல் நோக்கி நிலைத்திருந்தது.

"கொஞ்சம் இடது பக்கமா நிக்கிறாரு தம்பி," என்றாள்.

அவனுக்குத் தெரியவில்லை. ஆனாலும் போய் இடது பெட்டியை ஒரு விரல் அளவு பின்னால் தள்ளினான். இன்னும் கொஞ்சம் என்றாள். போதும் என்றாள். மறுபடி சுற்றி ஓட்டினான்.

"இது நடு."

இப்போது அவனுக்கும் தெரிந்தது. இத்தனை வருஷம் கடையில் நின்றதெல்லாம் அண்ணனின் நிழல்தான். இது ஆள். ஒரு காலை ஊன்றி, ஒரு காலைத் தளர்த்தி, அவர் நிற்கும் விதம்கூடத் தெரிந்தது.

பேட்டரி அந்த வெற்றிடத்துக்கு எதிரே போய் நின்றான்.

"ஒயரை மாத்தினது நான்தாண்ணே. குருடன் நீங்க இல்ல." தயார் செய்து வைத்திருந்தது இன்னும் நிறைய இருந்தது. எதுவும் வரவில்லை. "நாலு பேர் முன்னாடி சொன்னேன். இப்ப அண்ணி முன்னாடி சொல்றேன்."

பழக்கதோஷத்தில் டெக்கை நிறுத்தக் கை போனது. நடு வந்ததும் நிறுத்திவிடு, டேப் தேயும் என்பது அண்ணன் வைத்த சட்டம். அந்த இடத்தைத் தாண்டி அவன் ஒரு நாளும் கேட்டதில்லை.

"இருக்கட்டும்," என்றாள் அண்ணி. "ஓடட்டும்."

டேப் ஓடியது. உஸ்ஸென்ற இரைச்சல். பத்து எண்ணுகிற நேரத்துக்கு வேறு ஒன்றும் இல்லை. பிறகு, எங்கோ ஒரு நாற்காலி நகர்ந்தது. காலடி ஓசை நடுவிலிருந்து இடது பக்கம் போனது. பேட்டரி தன்னை அறியாமல் அதற்கு வழிவிட்டு ஒதுங்கினான். காலடி மேஜைப் பக்கம் போய் நின்றது. அண்ணனின் குரல், கடைக்குப் போட்டுக்கொள்ளும் கம்பீரம் இல்லாமல், வீட்டுக் குரலில் கேட்டது.

"முடிச்சு போட்டாச்சா?"

டேப்பில் ஒரு இளம் பெண் குரல் பதில் சொன்னது; அதே நேரத்தில் நாற்காலியில் இருந்தவளின் உதடுகளும் அசைந்தன.

"போட்டாச்சு. கையை எடுங்க, சூடா இருக்கு."